ஒன்றேகால் அங்குலம்

“மறுபடியும் தப்பானதையே எடுத்துட்டுப் போயிருக்கீங்களே, லவான் அம்மா.”

மரக் கடைசல் சாமான் கடையின் விற்பனையாள் டேரில் பெட்டியைப் பிரித்துப் பார்த்தான். லேத்தில் கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக். இது ஒரு அங்குல மரை. அவர்கள் வீட்டு லேத்துக்கு வேண்டியது ஒன்றேகால். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து இதே கதைதான்.

லவான் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் புருஷன் ஆர்விட் விடுவதாக இல்லை.

“நம்பர் படிக்கத் தெரியாதவளைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு இருக்கே, தம்பி! என் பழைய சக்கை எவனோ திருடிட்டுப் போனதுலேர்ந்து லேத் சும்மா கிடக்கு. பேத்தி கல்யாணத்துக்கு நான் கடைஞ்ச மரக்கிண்ணத்துக்குப் பதிலா இவ புண்ணியத்துல பிளாஸ்டிக் கிண்ணம்தான் குடுக்கணும்.”

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். டேரிலுக்கும் எரிச்சல்தான். இத்தனை வருஷம் லேத்துக்காரரோடு குடித்தனம் பண்ணுகிறவளுக்கு இதுகூடவா மண்டையில் ஏறாது?

சரியான சக்கை எடுத்து ஆர்விட் கையிலேயே கொடுத்தான். அவர் மரையைக் கட்டைவிரலால் தடவினார்.

“ஒன்றேகால். பாத்துக்கோடி, கையே சொல்லுது.”

அவரை வண்டியில் உட்காரவைத்துவிட்டு லவான் மட்டும் திரும்பி வந்தாள். இப்போது வாங்கிய சக்கைப் பெட்டியோடு மேஜைமேல் வைத்தாள்.

“ஒரு அங்குலத்தையே குடுப்பா.”

“அது உங்க லேத்துல ஏறாதே!”

“ஏறக் கூடாது.”

அவள் குரல் உடைந்தது.

“கட்டையை மாட்டிட்டு சக்கை இறுக்க மறந்துட்டாரு. கட்டை பறந்து வந்து அவர் நெத்தியில அடிச்சுது. ரத்தம் வழிய நின்னுக்கிட்டு, ‘நான் இங்க என்ன பண்றேன்?’னு என்னையே கேட்டாரு. ஞாபகம் போயிட்டே இருக்கு, லேத் பக்கமே விடாதீங்கன்னுட்டாரு டாக்டர். சொன்னா அழறாரு. மறுநாள் அதையும் மறந்துட்டுக் கட்டையைத் தூக்கறாரு. திரும்பச் சொன்னா, புதுசாக் கேக்கற மாதிரி திரும்ப அழறாரு. பழைய சக்கை ஏரி உறையறதுக்கு முன்னாடி நான்தான் தண்ணியில போட்டேன்.”

“இப்பத்தானே கையில வாங்கிப் பாத்தாரு?”

“வீடு போறதுக்குள்ள மறந்துடுவாரு. என்னைத் திட்ட மட்டும் மறக்க மாட்டாரு.”

வெளியே ஹாரன் விடாமல் அலறியது. டேரில் பெட்டியை மாற்றிக் கொடுத்தான்.

லவான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வீட்ல யாருக்கோ புத்தி பிசகிப்போச்சுன்னு அவருக்கே தெரிய ஆரம்பிச்சிருக்குப்பா. அது நான்தான்னு நினைச்சுக்கிட்டே இருந்துட்டுப் போகட்டும்.”