உண்டியலில் விழுந்த ஏலப் பணம்

உண்டியலைக் கவிழ்த்தாயிற்று.

கோயில் கூடத்தில் விரித்த பாயில் சில்லறையும் நோட்டும் குவிந்து கிடந்தன. குவியலுக்கு இந்தப் பக்கம் பொருளாளர் நான். அந்தப் பக்கம் தலைவர் அடைக்கப்பச் செட்டியார். தூணோரம் இருளாயி, கையைக் கட்டிக்கொண்டு. அவளை ஒட்டி மகள் பாப்பா.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்கு இதே கூடத்தில் கல்யாணம். நடக்குமா நடக்காதா என்பது அந்தக் குவியலுக்குள் இருந்தது.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். திருவிழா முடிந்ததும், வழக்கம்போல் அம்மனுக்குச் சாத்திய சேலையை ஏலம் விட்டோம். வேலை பார்த்த ரப்பர் எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்ற பிறகு எங்கள் ஊரான சிலிபினுக்கு வந்து பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் இருளாயி. மகளுக்குக் கூறைச் சேலையாக வேண்டுமென்று நூற்று ஐம்பத்தோரு வெள்ளிக்குக் கேட்டு எடுத்தாள். அவளுடைய ஒரு மாசச் சம்பளம்.

பொருளை அன்றே கொண்டு போகலாம், பணத்தைப் பிறகு கட்டலாம் என்பது எங்கள் கோயில் வழக்கம்.

அவள் கட்டினாள். என்னிடம் அல்ல. வேண்டுதல் காசு முடிவதுபோல் மஞ்சள் துணியில் முடிந்து உண்டியலில் போட்டுவிட்டாள்.

"அம்மா சேலைய வாங்குனேன், அம்மாகிட்டயே காசக் குடுத்தேன். நடுவுல நீங்க யாருண்ணே?" என்று போன வாரம் என்னைக் கேட்டாள். பொருளாளர் ஆன பிறகு இந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொண்டதில்லை.

பேராவது எழுதிப் போட்டாயா என்றேன்.

"அம்மாளுக்கு எம் பேரு தெரியாதா?"

கமிட்டியில் ஒருவரும் நம்பவில்லை. கல்யாணச் செலவுக்கு நடுவே ஒரு மாசச் சம்பளம் எங்கிருந்து வரும்? ஏலப் பாக்கி வைத்தவர்களுக்குக் கூடம் கிடையாது என்பது சட்டம். சட்டம் போட்டவர் செட்டியார். அதைச் சலவைக் கல்லில் வெட்டி வாசலில் பதித்தவரும் அவரே. சட்டத்தைவிட அவர் பேர் சற்றுப் பெரிய எழுத்தில் இருக்கும்.

அவர் பேர் இல்லாத இடம் கோயிலில் குறைவு. மணியில், மின்விசிறியில், நாற்காலி முதுகில், செருப்பு வைக்கும் பலகையில், இந்த உண்டியலின் நெற்றியில். கருவறை ஒன்றுதான் தப்பியது. அவர் கடை உறையில்கூட இடது மூலையில் சிவப்பு மையில் பேரும் பட்டமும் அச்சடித்திருக்கும். பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று மரியாதை கருதி நாங்கள் கேட்பதில்லை.

"உண்டியலத் திறங்கப்பா. எல்லார் முன்னாலயும் பாத்துருவோம்," என்று செவ்வாய்க்கிழமையிலிருந்து குதித்தவரும் அவர்தான். வருஷத்துக்கு ஒருமுறை திறக்கிற உண்டியல். இல்லாதவளைச் சபையில் நிறுத்தி வேடிக்கை பார்க்க இவ்வளவு ஆசையா என்று மனசுக்குள் அவரைத் திட்டினேன்.

குவியலைக் கலைத்தேன். முதலில் கையில் பட்டது ஓர் உறை. பேர் இல்லை, ஊர் இல்லை. உள்ளே சரியாக நூற்று ஐம்பத்தோரு வெள்ளி.

கூடமே மூச்சு விட்டது.

"பாத்தீங்களா, இருக்கு. ரசீதப் போடுங்க. முடிஞ்சுது லா," என்றார் செட்டியார். அவ்வளவு சுருக்கமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"அது என்னுது இல்லீங்க," என்றாள் இருளாயி.

பாப்பா அவள் முழங்கையைக் கிள்ளினாள்.

"நான் உறையில போடல. மஞ்சத் துணி."

"துணியோ உறையோ, கணக்கு சரியாப் போச்சுல்ல. சும்மா இரு, இருளாயி." செட்டியாரின் குரல் அதட்டலில் தொடங்கிக் கெஞ்சலில் முடிந்தது.

"யாரோ வேண்டிக்கிட்டுப் போட்ட காசு, தலைவரே. அதுல எம்மவ கல்யாணம் வேணாம்."

கைக்கு வந்த கல்யாணத்தை அவளே தட்டிவிடுவதைக் கூடம் வாய் பிளந்து பார்த்தது.

தேடினேன். மஞ்சள் முடிச்சுக்கா பஞ்சம்? பிள்ளை வரம், பரீட்சை, நாலு நம்பர் லாட்டரி, எல்லாவற்றுக்கும் மஞ்சள்தான். ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். ஒன்றில் ஒரு வெள்ளி. ஒன்றில் வெறும் சில்லறை. பாப்பா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

குவியலின் அடியில் இன்னொரு முடிச்சு, கொய்யாக்காய்ப் பருமனில். பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. ஐந்தும் பத்துமாகக் கசங்கிய நோட்டுகள், கூட ஒற்றை வெள்ளி ஒன்று. இலேசாகப் பிஸ்கட் வாசனை.

எண்ணினேன். நூற்று ஐம்பத்தொன்று.

பாப்பா அழுதுவிட்டாள். நான் ரசீது எழுதினேன்.

"அப்ப இந்த உறை யாருது?" என்று சபையைக் கேட்டேன்.

செட்டியார் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் தன் பேர் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிப்பவர்போல்.

இருளாயி சன்னதியைப் பார்த்துக் கைகூப்பினாள். "யாரு பெத்த புள்ளையோ. அவுங்க குடும்பத்த நல்லா வையி, ஆத்தா."

செட்டியாரும் அவசரமாகக் கும்பிட்டார்.

பணத்தை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, வெறும் உறையைத் தூக்கிப் போடப் போனபோதுதான் கவனித்தேன். அதன் இடது மூலை சதுரமாக, கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது.

வெட்டிய இடம் வெளியே தெரியாதபடி மடித்து, என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.