ஒரு வாளித் தண்ணீர்

போன வருடம் குழந்தைகள் அழுத அழுகையில், கிரீஸ் கடலுக்குக் கிளம்பிய ராஸ்ட்கோ பாதி வழியிலேயே காரைத் திருப்பிவிட்டான்.

"இந்தத் தடவை அழுதா கடலே கிடையாது" என்று மனைவி மிலேனாவிடம் கறாராகச் சொல்லியிருந்தான்.

எல்லோரும் காரில் ஏறி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பின்சீட்டில் மிலேனா அரை மணிக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். முதலில் ஸ்டிக்கர், அப்புறம் சீஸ் அடை.

"அம்மா, சிவப்பு லாரி! நான்தான் முதல்ல பாத்தேன்!" என்றான் ஐந்து வயது வூக். மூன்று வயது துன்யா கைதட்டினாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்டி? கால் மரத்துப்போச்சு" என்றான் ராஸ்ட்கோ.

"புள்ளைங்களே சும்மா இருக்குதுங்க. உங்களுக்கென்ன?"

கார் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். பக்கத்து வீட்டு ஸ்தானா அக்கா, கையில் வாளியோடு!

"ஏன்டா, வழி நல்லா அமையணும்னு கிளம்புற வண்டிக்குப் பின்னாடி ஊத்த, ஒரு மணி நேரமா தண்ணியோட நிக்கிறேன். வண்டி வாசலை விட்டு நகருமா, நகராதா?"

"நாளைக்குத்தான்க்கா கிளம்புறோம். இன்னைக்கு ஒத்திகை. புள்ளைங்க பாஸ், இவருதான் ஃபெயில்."

"அப்ப நீயே ஓட்டிட்டுப் போடி. இவன் இங்க நின்னு தண்ணி ஊத்தட்டும்!"