சாமியார் எழுதிவைத்த சைக்கிள்

இறந்துபோன பங்குச் சாமியாரின் உயிலில் புத்தகமெல்லாம் மடத்துக்கு, சைக்கிள் கோயில் பக்கமே போகாத ராயப்பனுக்கு என்றிருந்தது.

"என்னைக் கோயிலுக்கு இழுக்கத்தான் குடுத்துருக்காரு" என்று ராயப்பன் அதைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்.

படுக்கையில் கிடந்த மனைவி காசம்மாளுக்குத்தான் ஏக்கம். மாதத்தின் முதல் வெள்ளிதோறும் சாமியார் அந்தச் சைக்கிளில் வந்துதான் அவள் ‘நன்மை’ என்று சொல்லும் நற்கருணை கொடுப்பார். புதுச் சாமியாரின் காரோ அவர்கள் ஊரான அபிஷேகப்பாக்கத்தின் சேற்றில் இறங்காது.

அடுத்த முதல் வெள்ளி காலையில் அவள் முகம் தெளிந்திருந்தது.

"பழைய சாமி வந்தாருய்யா. நன்மை வாங்கிட்டேன்."

"கனா கண்டியாடி? சைக்கிள் பூட்டுனபடியே கெடக்குது."

"பின் டயர்ல காத்து கம்மியாம். உன்கிட்ட சொல்லச் சொன்னாரு."

ராயப்பன் போய் அமுக்கிப் பார்த்தார். அமுங்கியது. சக்கரத்தில் சேறு ஈரமாக இருந்தது.

"செத்தும் வேல வாங்குறாரு பாரு" என்று முணுமுணுத்தபடி காற்றடித்தார். பிறகு காசம்மாளுக்குக் கேட்காதபடி, வெறும் சீட்டைப் பார்த்துச் சொன்னார்:

"வரப்பு வழுக்கும். பாத்து வாங்க."