கோப்பை இன்னும் வெளியே

வாரிசுச் சட்டத் திருத்தம் எழுதும் அரசு வழக்கறிஞரின் மேசையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. சாப்பாட்டு டப்பாதான் வீடு; இரண்டு பேனா மூடிகள் பிள்ளைகள்; காலித் தேநீர்க் கோப்பை, கணவனை இழந்த அம்மா. ஒவ்வொரு பிரிவையும் வாய்விட்டுப் படித்து, அது சொல்கிறபடியே அவர்களை நகர்த்துகிறார். மூடிகள் டப்பாவுக்குள் ஏறிக்கொள்கின்றன; கோப்பை மறுபடியும் மேசை விளிம்புக்கே வந்துவிடுகிறது. உதட்டைப் பிதுக்கி, எழுதியதை அடிக்கிறார். கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுக் கிளம்புகிற ஆள் இல்லை இவர். "மேடம், அமைச்சர் ரெண்டு தடவை கேட்டுட்டார். எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று செயலாளர் வாசலில் கையைப் பிசைகிறார். "சட்டம் சரியாத்தான் இருக்கு சார். இந்தம்மாதான் தெருவுல நிக்கிறாங்க," என்று டப்பாவுக்கு வெளியே நிற்கும் கோப்பையைக் காட்டுகிறார் வழக்கறிஞர். செயலாளர் குனிந்து பார்க்கிறார். மேசையை ஒழிக்க வந்த உதவியாளர் கோப்பையை எடுத்துப்போகக் கை நீட்டுகிறார். "இருப்பா," என்று தடுக்கிறார் செயலாளர், "அவங்க இன்னும் வீட்டுக்குள்ள போகல."