மேட்டுல நிக்கக்கூடாது

"பின்னாடி பத்து பேர் உட்கார்ந்தாலும் வண்டி மேட்டுல நிக்கக்கூடாது. என்ஜின் சத்தம் வெளியே வரக்கூடாது. யாரை ஏத்தப் போறேன்னு நீ கேக்கக்கூடாது, தம்பி."

திவாகரன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

எதிரே நின்றவர் பரஞ்சோதி. வெட்டுக்குத்து வழக்கில் பதினோரு வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு, போன வருஷம்தான் வெளியே வந்தவர். பாடாங் செராயில் அவர் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தால் பக்கத்து மேசைகள் காலியாகிவிடும்.

இன்று திவாகரனின் வொர்க்‌ஷாப்புக்கு பெட்ரோலில் ஓடும் ஒரு பழைய லாரியை ஓட்டி வந்திருந்தார். சின்ன லாரிதான். பின்பக்கம் முழுக்கத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

திவாகரன் என்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டில் இரண்டு வகையை எடுத்து வைத்தான்.

"இதைப் போட்டா ஹைவேல பறக்கும் அண்ணே. ஆனா மெதுவா போறப்ப இழுவை இருக்காது. அது வேகம் தராது, ஆனா எவ்வளவு பாரம் ஏத்தினாலும் கீழ் கியர்ல இழுத்துடும்."

"எனக்குப் பறக்க வேண்டாம். மெதுவாத்தான் போவேன். அதையே போடு."

"வால்வு ஸ்பிரிங்கும் மாத்தணும். பழைய ஸ்பிரிங் இந்தக் கேமுக்குத் தாங்காது. அழுத்தி மிதிச்சா வால்வு சரியா மூடாம பிஸ்டன்ல இடிச்சு என்ஜினே நின்னுடும்."

"அப்ப நல்லதா போடு லா. போன மாசம் நடுவழியில நின்னுடுச்சு. மழையில ஆறு பேர் தூக்கிட்டு நடந்தோம்."

எதைத் தூக்கிக்கொண்டு என்று கேட்கத் திவாகரனுக்கு வாய் வரவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது மனைவி ரமணியிடம் சொன்னான். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"எல்லை வழியா ஆள் கடத்தறாங்கன்னு பேப்பர்ல வருதே. தார்ப்பாய்க்குள்ள பத்து பேரு, மெதுவா, சத்தமில்லாம. வேற என்னவா இருக்கும்? போலீஸ் பாலாய்க்குப் போய்ப் புகார் சொல்லிடுங்க."

"சொன்னது நான்தான்னு அவருக்குத் தெரிஞ்சா? பிள்ளைங்க தினமும் அந்த ரோட்டுலதானே ஸ்கூலுக்குப் போவுது?"



திவாகரன் கேம்ஷாஃப்ட்டை ஒழுங்காகத்தான் பொருத்தினான். ஆனால் புது ஸ்பிரிங்குகளை டப்பாவிலேயே விட்டுவிட்டு, பழையவற்றையே திரும்ப மாட்டி மூடினான். எல்லைப் பக்கம் எங்காவது மேட்டில் நிற்கட்டும், போலீஸே வந்து பிடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் பரஞ்சோதி வந்தார். என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டுக் கேட்டார். திவாகரனை ஒரு பார்வை பார்த்தார்.

"நல்ல வேலை, தம்பி."

அதற்குப் பிறகு ஐந்து நாள் திவாகரனுக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் எந்த லாரிச் சத்தம் கேட்டாலும் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான். பிள்ளைகளைச் சுற்றுவழியில் ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டான். ரமணி முன்பக்கத்து ஜன்னலைத் திறப்பதையே நிறுத்திவிட்டாள்.

ஆறாம் நாள் கரங்கான் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து போன் வந்தது. ரமணியின் சித்தி மருதம்மாள் இறந்துவிட்டாள். இருவரும் கிளம்பிப் போனார்கள்.

இடுகாடு எஸ்டேட்டுக்குப் பின்னால் மலைமேல் இருந்தது. ஒரு கிலோமீட்டர் செம்மண் ஏற்றம். இடது பக்கம் முழுக்கப் பள்ளம். காலையில் பெய்த மழையில் பாதை சொதசொதவென்று கிடந்தது.

"வண்டி வந்துடுச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

திவாகரன் திரும்பிப் பார்த்தான். அதே லாரி. தார்ப்பாய் சுருட்டிக் கட்டியிருந்தது. உள்ளே பெட்டி வைக்க இரும்புச் சட்டம், இரு பக்கமும் பெஞ்சு. பரஞ்சோதி வெறுங்காலோடு இறங்கினார்.

"இந்த எஸ்டேட்டுக்குள்ள வேற எந்தச் சவ வண்டியும் வராது. எப்பக் கூப்பிட்டாலும் இவர் ஒருத்தர்தான் வருவாரு" என்றார் பக்கத்தில் நின்றவர்.

பெட்டியை ஏற்றினார்கள். மருதம்மாளின் இரண்டு மகன்கள், ரமணியின் தம்பி என்று எட்டுப் பேர் பெஞ்சில் ஏறி உட்கார்ந்தார்கள்.

பாதி மேட்டில் என்ஜின் நின்று, லாரி பின்னால் உருண்டு, பள்ளத்தில்...

திவாகரனின் கண்முன்னே அது ஓடியது. சொன்னால் பரஞ்சோதி என்ன செய்வாரோ. சொல்லாவிட்டால் எட்டு உயிர். கால் தானாகவே ஓடியது. டிரைவர் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, வண்டியை எடுக்காதீங்க. உள்ளே இருக்கறது பழைய ஸ்பிரிங். நான்தான் மாத்தாம விட்டேன். நீங்க ஆள் கடத்தறீங்கன்னு நினைச்சேன்."

பரஞ்சோதி பின்னால் யாருக்காவது கேட்டதா என்று பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தெரியும். மறுநாளே காலி வண்டியை ஒரு மேட்டுல ஏத்திப் பார்த்தேன். சத்தம் சரியில்ல. மூடியைத் திறந்தா ஸ்பிரிங் எல்லாம் கறுத்துக் கிடந்துச்சு. புதுசு வாங்கி நானே மாத்திட்டேன். ஜெயில்ல கத்துக்கிட்ட வேலை."

திவாகரனுக்கு மூச்சு வந்தது. கூடவே தலையும் குனிந்தது.

"சவ வண்டின்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே, அண்ணே?"

"மூணு வொர்க்‌ஷாப்ல சொன்னேன். ஒருத்தரும் தொடல."

"நான் செஞ்சது தெரிஞ்சும் ஏன் வந்து கேக்கல?"

பரஞ்சோதி சாவியைத் திருப்பினார். கியரைப் போட்டார்.

"என்னைப் பார்த்துப் பயப்படற வீடு ஊர்ல ஏற்கெனவே நெறைய இருக்கு, தம்பி. இன்னொரு வீடு வேண்டாமேன்னுதான்."