இரண்டு காதிலும்

"என்ன கலர் போட்டிருக்க?" என்று கேட்டது அந்தக் கட்டைக் குரல்.

அவள் வாய் தன்னால் சிரித்தது. கால் சென்டர் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது அது. சிரித்துக்கொண்டே பேசினால் அந்தச் சிரிப்பு குரலில் கேட்குமாம்.

"உங்க இணைப்புல என்ன பிரச்சினை சார்?" என்றாள்.

"மஞ்சள்தானே?"

மஞ்சள்தான். அவள் சட்டென்று குனிந்து தன் உடையைப் பார்த்தாள்.

போனை வைத்துவிடலாம். பொத்தான் விரலுக்கடியில்தான் இருந்தது. ஆனால் வாடிக்கையாளரே நம் தெய்வம் என்று எதிர்ச் சுவரில் பெரிதாக எழுதி மாட்டியிருந்தார்கள். தெய்வம் என்ன பேசினாலும் முதலில் போனை வைக்கிற உரிமை தெய்வத்துக்குத்தான். போன மாதம் இதே குரல் வந்தபோது அவள் பட்டென்று வைத்துவிட்டாள். மதிப்பெண்ணில் வெட்டிவிட்டார்கள். இன்னொரு தடவை இப்படிச் செய்தால் என்னால் காப்பாற்ற முடியாது என்று மேற்பார்வை பார்க்கும் அக்கா அப்போதே சொல்லியிருந்தார்.

பயிற்சிக்கு வந்தவர்களில் யார் நிரந்தரம், யார் வீட்டுக்கு என்று இன்று மாலை தெரிந்துவிடும். வீட்டில் அப்பா மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தார். வேலை நிலைத்தால் அவள் பிழைத்தாள். இல்லையென்றால் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

ஆகவே பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

ஆபீஸ் விதிப்படி மூன்று முறை பணிவாக எச்சரித்தாள். மூன்றுக்கும் அந்தப் பக்கம் சிரித்தது. அதற்குப் பிறகு அழைப்பை மேலதிகாரிக்கு மாற்றிவிடலாம். மாற்றினாள். அக்காவின் லைன் பிஸியாக இருந்தது. அழைப்பு சுற்றிக்கொண்டு அவளிடமே திரும்பி வந்தது.

குரல் அவசரமில்லாமல் தொடர்ந்தது. மத்தியானத்துக்கு மேல் நீ தலைமுடியைச் சுருட்டிப் பேனாவைச் செருகிக்கொள்வாய். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு குதிகாலால் இன்னொரு பாதத்தைத் தேய்ப்பாய். வலது குதிகாலில் வெடிப்பு இருக்கிறது. அதற்கப்புறம் அது சொன்னதையெல்லாம் எழுத முடியாது.

இவன் எங்கே நின்று பார்த்தான்? பஸ் நிறுத்தத்திலா, விடுதி வாசலிலா?

அப்போது ஹாலின் ஒரு கோடியில் யாரோ தண்ணீர் பாட்டிலைத் தவறவிட்டார்கள். எவர்சில்வர் பாட்டில். ணங்கென்று விழுந்து உருண்டது.

இடது காதில் கேட்டது. அது திறந்த காது.

ஹெட்செட் மாட்டிய வலது காதிலும், அந்தக் குரலுக்குப் பின்னால் கேட்டது.

அவன் வெளியே எங்கும் இல்லை. இங்கேதான் இருக்கிறான்.

பயம் போன இடம் தெரியவில்லை. அந்த இடத்தில் கோபம் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தது. மெல்லத் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். ஹால் முழுக்கப் பையன்கள். எல்லோர் காதிலும் ஹெட்செட். எல்லோர் வாயும் அசைந்துகொண்டிருந்தது.

இவனைப் பேச விட வேண்டும் என்று தோன்றியது. பேசினால்தான் வாயைப் பிடிக்கலாம்.

"சொல்லுங்க சார், கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றாள். குரலில் அப்படித் தேன் ஒழுகியது.

அவன் குஷியாகிவிட்டான். பேசினான். அவள் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே போனாள். லிஃப்டில் வேண்டுமென்றே உரசி நிற்பவனாக இருக்கட்டும் என்று மனசார விரும்பினாள். அவன் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். ஷிப்டுக்காக அவளோடு சண்டை போட்டவன் வாயை மூடிக்கொண்டு எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தான்.

பக்கத்து இருக்கை காலி. அது சாதுவின் இடம். யாரையும் ஏறிட்டுப் பார்க்காதவன் என்பதால் ஆபீஸே சேர்ந்து வைத்த பெயர். அவள் அழுத நாட்களில் ஒரு வார்த்தை கேட்காமல் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவன். அவன் இருந்தாலாவது ஜாடை காட்டலாம் என்று அவனைத் தேடித்தான் பின்னால் திரும்பினாள்.

அக்காவின் கண்ணாடி அறைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே சாது. கைக்குட்டையை மைக்கின் மேல் சுற்றியிருந்தான். உதடும் குரலும் அச்சாகப் பொருந்தின.

அவனுக்குப் பக்கத்தில் இன்னொரு ஹெட்செட்டுடன் அக்கா உட்கார்ந்திருந்தார். அவள் திரும்பியதைப் பார்த்ததும் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

அழைப்பை அந்தப் பக்கம் துண்டித்தது. தெய்வம்தான் முதலில் வைத்தது.

"பாஸ்!" என்று அக்கா அவள் இருக்கைக்கே வந்துவிட்டார். "பரீட்சைதாம்மா இது. போன தடவை கோட்டை விட்டியே, உனக்காகக் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு தடவை வைக்கச் சொன்னேன். இவ்வளவு பொறுமையா இங்க எவளும் பேசினதில்ல. புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு இனிமே உன் ரெக்கார்டிங்கைத்தான் போட்டுக் காட்டப்போறோம்."

பையன்களுக்கும் பரீட்சை உண்டாம். பில் அதிகம் வந்துவிட்டது என்று யாராவது ஒருவர் கத்துவாராம்.

"அப்ப நிரந்தரமாக்கா?" என்று அவள் கேட்டாள். கேட்ட வாயை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"பின்னே?"

சாது பின்னால் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "தப்பா எடுத்துக்காத. எழுதிக் குடுத்ததைப் படிச்சேன், அவ்வளவுதான்."

அதை நம்பிவிடத்தான் அவளுக்கும் ஆசையாக இருந்தது. இனியும் நாள் முழுக்க இவன் பக்கத்தில்தானே உட்கார வேண்டும். சரி என்று தலையைக்கூட ஆட்டிவிட்டாள்.

அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தார். "அடேய், புளுகாதே! டிரஸ் கலரைக் கேளுன்னு ஒரு வரிதான் நான் எழுதிக் குடுத்தேன். மீதியெல்லாம் இவனா அள்ளி விட்டது. அந்தக் குதிகாலு... என்னமா நடிக்கிறான் பாரேன்!"

அக்கா மட்டும்தான் சிரித்தார். அவள் மேசைக்கடியில் செருப்பைத் துழாவி, இரண்டு கால்களையும் உள்ளே நுழைத்துக்கொண்டாள்.