பெரிய வெள்ளியில் குளித்தால்

"பெரிய வெள்ளிக்கிழமை அதுவுமா கடல்ல குளிக்கப் போறியா? நீ உருப்படுவியா?"

வீட்டுக்கார அம்மாள் தோன்யா எஃபேமியா போட்ட சத்தத்தில் கூண்டுக் கிளிகூட வாயை மூடிக்கொண்டது.

லீஸ்பெத் நீச்சலுடையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். ஹாலந்துக்காரி. ஸ்பானிஷ் படிக்க, கடலுக்கு எட்டத்தில் இருக்கும் அந்திகுவா ஊருக்கு வந்து, எஃபேமியாவின் வீட்டில் தங்கியிருப்பவள். பாடப்புத்தகத்தில் உள்ளபடியே பேசுவாள்.

"அம்மா, எங்கள் வகுப்பு முழுவதும் செல்கிறது. அங்கே மீனவர்களுடன் ஸ்பானிஷ் பேசிப் பழகுவோம்."

"ஆமா, போன தடவை பழகிட்டு வந்தியே. 'இன்னொரு பீர்'ங்கறதை மட்டும் தப்பில்லாமச் சொன்னே."

உண்மைதான். லீஸ்பெத் நீச்சலுடையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"இங்க பாரு கண்ணு. பெரிய வெள்ளிக்குக் கடல்ல இறங்கினவங்க மீனாப் போயிடுவாங்க. இடுப்புக்குக் கீழே செதில் முளைக்கும். எங்க தெருவுலயே ஒருத்தி போனா. திரும்பி வரலை."

திரும்பி வராதவள் போனது ஒரு லாரி டிரைவரோடு. அதெல்லாம் சின்னப் பெண்ணிடம் எதற்கு என்று எஃபேமியா விட்டுவிட்டாள்.

ஊர்க்காரர்களின் நம்பிக்கையை மதிக்க வேண்டும் என்று பள்ளியில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். லீஸ்பெத் நீச்சலுடையை மடித்தாள்.

"அப்படியென்றால் வெள்ளிக்கிழமை நான் என்ன செய்வது?"

எஃபேமியா அலமாரியைத் திறந்து கறுப்பு உடையையும் கறுப்பு லேஸ் முக்காட்டையும் எடுத்து வைத்தாள். ஏற்கனவே இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

"ஊர்வலத்துல என் முறைக்கு நீ மாதா சப்பரத்தைத் தூக்கு. எங்க அக்காவுக்கு உடம்பு முடியலை, நான் போயே ஆகணும். ஆள் வரலைன்னா மாதா சபையில என் பேரை அடிச்சிடுவாங்க."

"நானா? இவ்வளவு பெரிய மரியாதைக்கு நான் தகுதியானவளா?"

"தகுதியெல்லாம் தோள் இருந்தாப் போதும். முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கோ. வகுப்புல மூச்சு விடாதே, வயித்து வலின்னு சொல்லிடு. வெளியூர்க்காரிக்குக் கிடைக்காத பாக்கியம் இது. தெரிஞ்சா மத்தவளுங்க பொறாமைப்படுவாங்க."

லீஸ்பெத்தின் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து எஃபேமியாவுக்கும் மனசு உறுத்தியது. ரொம்ப நேரம் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் எஃபேமியா கறுப்பு மணல் கடற்கரையில் முழங்கால் வரை நுரையில் நின்றுகொண்டிருந்தாள். உடம்பு முடியாத அக்கா, குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து பொரித்த மீனை முள் பார்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"பெரிய வெள்ளிக்கு மீனாயிடுவோம்னு ஊரெல்லாம் சொல்றே. உனக்குப் பயமா இல்லையா?"

"அது ஊருக்குச் சொல்றது அக்கா."

"சரிதான். ஊருக்குத்தான் உபதேசம்."

எஃபேமியாவைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. வீட்டில் தங்க வந்த ஒவ்வொரு பெண்ணும் வாராவாரம் கடலுக்குப் போய்வந்து, அலை அப்படி, மணல் இப்படி என்று அளப்பாள். எஃபேமியா அடுப்படியில் பீன்ஸ் கிளறிக்கொண்டே கேட்பாள். மாணவிகளுக்குச் சமைக்க வேண்டாத ஒரே விடுமுறை இந்த வாரம்தான். அதிலும் தோளில் சப்பரம். ஒரு தடவையாவது அலையில் உட்கார வேண்டும் என்று அவளுக்கு அழுகை வருகிற அளவு ஆசை இருந்தது.

உட்கார்ந்தாள். எழ மனசே வரவில்லை. சபைக்காரி யாராவது பார்த்துத் தொலைத்தால் பேர் போய்விடும் என்ற பயம் மட்டும் இருந்தது. நல்லவேளை, அக்கம்பக்கத்தில் குளித்த பெண்களெல்லாம் தொப்பியைக் கண் வரைக்கும் இறக்கிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார்கள்.

ஒரு பெரிய அலை வந்து அதில் ஒரு தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது.

மாதா சபைத் தலைவி, தோன்யா ஒர்த்தென்சியா!

"எஃபேமியா!"

"தலைவியம்மா!"

"டாக்டர் உப்புக் காத்து வாங்கச் சொன்னாரு. அதான்..."

"எனக்கும் அதே டாக்டர்தான் தலைவியம்மா."

இரண்டு பேரும் அடிவானத்தில் ஏதோ கப்பல் வருவதுபோல் பார்த்தார்கள். கப்பல் எதுவும் வரவில்லை.

"உங்க முறைக்கு யாரு தூக்குறாங்க?" எஃபேமியாதான் கேட்டாள்.

"எங்க வீட்டுல ஒரு கனடாப் பொண்ணு... ஸ்பானிஷ் படிக்க வந்தவ. உனக்கு?"

எஃபேமியா பதில் சொல்வதற்குள் கரையில் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தவள், ஈரக் கையால் ஸ்பீக்கரை அழுத்திவிட்டாள்.

"அம்மா, சப்பரம் தூக்கி முடித்துவிட்டேன்! ஆனால் ஸ்பானிஷ் பேசத்தான் ஒருவரும் கிடைக்கவில்லை."

"ஏன்? எங்க சபைக்காரங்க பக்கத்துல இருப்பாங்களே?"

"யாரும் இல்லை அம்மா. முக்காட்டை விலக்கிப் பார்த்தால் எல்லோரும் எங்கள் பள்ளிப் பெண்கள்! ஒருத்தி வீட்டு அம்மாவின் மாமியாருக்கு மூச்சுத் திணறலாம். இன்னொருத்தி வீட்டில் அம்மாவுக்கே நெஞ்சு வலியாம்."

தண்ணீரில் நின்ற தொப்பிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எல்லாம் தெரிந்த முகம்.

போனில் லீஸ்பெத்தின் குரல் தழுதழுத்தது.

"பாவம், ஒரே நாளில் இத்தனை வீட்டில் நோயா? கவலைப்படாதீர்கள் அம்மா. உங்கள் எல்லோருக்காகவும் நாங்கள் மாதாவிடம் முழந்தாளிட்டு மன்றாடிக்கொண்டிருக்கிறோம்."